பட்டாவைத் தேடிப் போகும் பணம்

உழவுக்கென்று அரசு தரும் எந்த உதவியைக் கேட்டு எந்த அலுவலகத்துக்குப் போனாலும் முதலில் எதிர்கொள்ளும் கேள்வி ஒன்றுதான்: பட்டா யார் பேரில் இருக்கிறது? சொட்டுநீர்க் குழாய்க்கும் அதுதான், பவர் டில்லருக்கும் அதுதான், கூட்டுறவு சங்கத்துப் பயிர்க்கடனுக்கும் அதுதான். ஏர் ஓட்டியவர் யார், நாற்று நட்டவர் யார், மழை பொய்த்த ஆண்டில் நட்டத்தைச் சுமந்தவர் யார் என்று கேட்பதற்குப் படிவத்தில் கட்டமே கிடையாது. மானியம் அதிகமா குறைவா, கொடுக்கலாமா கூடாதா என்று நாம் ஓயாமல் வாதாடுகிறோம். அது யாருடைய கைக்குப் போய்ச் சேருகிறது என்பதைப் பேசுவது குறைவு. செஞ்சிப் பக்கத்து ஊர் ஒன்றை முன்னால் வைத்துக்கொண்டு அதைப் பேசிப் பார்க்கிறேன்.

தளவானூர் என்றதும் பலருக்குத் தென்பெண்ணையாற்றில் 25 கோடி ரூபாய்க்கு மேல் செலவில் கட்டி, சில மாதங்களிலேயே, 2021 ஜனவரியில் உடைந்த தடுப்பணை நினைவுக்கு வரும். அந்தத் தளவானூர் விழுப்புரத்துக்குத் தெற்கே ஆற்றங்கரையில் இருப்பது. நான் சொல்வது செஞ்சி வட்டாரத்தில், மண்டகப்பட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் தளவானூரை. ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன் பாறையைக் குடைந்து எடுத்த சத்துருமல்லேசுவராலயம் இங்கேதான் இருக்கிறது. கல்வெட்டு படிக்கிறவர்களுக்கு அது புனித இடம். சுற்றியிருக்கும் நிலமோ செஞ்சிச் சீமைக்கே உரிய நிலம்: பாறைக் குன்றுகளுக்கு இடையே ஏரிப் பாசனம், கிணற்றுத் தண்ணீர் எட்டும் இடத்தில் நெல்லும் கரும்பும், எட்டாத மேட்டில் மானாவாரி மல்லாட்டை (நிலக்கடலை), உளுந்து, சவுக்கு. விளைந்த நெல்லும் மல்லாட்டையும் செஞ்சி ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்துக்குப் போகும். அறுவடைக் காலத்தில் மூட்டைகளுக்கு அங்கே இடம் போதாது.

பல்லவர் பெயர் வந்ததால் ஒன்றைச் சொல்லிவிட்டுப் போகிறேன். அரசு ஒருவருக்கு நிலத்தின் பேரில் சலுகை தருவதும், அதை ஆவணத்தில் பதிவதும் அவர்கள் காலத்திலேயே நன்றாக வளர்ந்துவிட்ட வழக்கம். பல்லவர் செப்பேடுகளில் வரிவிலக்குகள் நீளமாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். பெற்றவரின் கோத்திரம் வரை எழுதியிருக்கும். முற்காலப் பல்லவனான சிவஸ்கந்தவர்மனின் ஹிரஹடகல்லி செப்பேட்டில் உழுகிறவர்களும் வருகிறார்கள். வாரத்துக்கு உழும் நான்கு பேரும் தானத்தோடு சேர்த்துக் கொடுக்கப்பட்டார்கள் என்று வருகிறார்கள். நிலத்தின் பேரில் வரும் நன்மை ஆவணத்தில் பெயர் உள்ளவருக்கு, உழைப்பு பெயரில்லாதவருக்கு என்ற பிரிவினை அத்தனை பழையது.

இன்றைய பட்டாவின் வேர் அவ்வளவு பழையதல்ல. கும்பெனி ஆட்சியில் தென்னார்க்காடு ரயத்துவாரி முறைக்குள் வந்தபோது, வரி கட்டும் பொறுப்பை யார் மேல் வைப்பது என்று தீர்மானிக்கும் காகிதமாகத்தான் பட்டா பிறந்தது. வாங்குவதற்காக எழுதிய பேரேடு அது. கொடுப்பதற்கும் அதே பேரேட்டைப் பயன்படுத்தத் தொடங்கியது பின்னால்தான். 1876–78 பஞ்சத்துக்குப் பிறகு, 1883இல் நில மேம்பாட்டுக் கடன் சட்டமும் 1884இல் உழவர் கடன் சட்டமும் வந்தன. கிராமங்களில் தக்காவிக் கடன் என்று வழங்கியது இதுதான். கிணறு வெட்டவும் மாடு விதை வாங்கவும் சர்க்கார் பணம் கொடுத்தது. கிணற்றுக் கடனுக்கு ஈடாக நிலத்தை எழுதிக்கொண்டது. ஆகவே நிலமுள்ளவருக்குக் கிணறு கிடைத்தது. கிணறு கிடைத்தவருக்கு இரண்டாம் போகம் கிடைத்தது. நிலமில்லாதவர்களின் நிலை என்ன என்று 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் டிரமென்கீர் எழுதிய அறிக்கையின் விளைவாக, 1892இல் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்க அரசாணை பிறந்தது. அப்படி வழங்கிய பஞ்சமி நிலங்களில் பெரும்பகுதி இன்று யார் கையில் இருக்கிறது என்பது வட தமிழகத்தின் தீராத வழக்கு. விழுப்புரம் மாவட்டத்தில், 2011 கணக்கெடுப்பின்படி, பத்துப் பேரில் மூன்று பேர் பட்டியல் சாதியினர் என்பதை இங்கே நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இந்தப் பேரேடு சரியாகவாவது இருக்கிறதா? 1979 முதல் 1987 வரை நடந்த நில உடைமைப் பதிவு மேம்பாட்டுத் திட்டத்தை, கிராமத்தில் எல்லாரும் யு.டி.ஆர். என்பார்கள். அந்தச் சமயத்தில் விழுந்த பிழைகளைத் திருத்த இன்றைக்கும் வட்டாட்சியர் அலுவலகங்களில் மனுக்கள் குவிகின்றன. இறந்துபோன தாத்தா பெயரிலேயே நிற்கும் பட்டா, நான்கு பங்காளிகள் பெயரில் கூட்டுப் பட்டா, அண்ணன் பெயர் விட்டுப்போய்த் தம்பி பெயர் மட்டும் ஏறியது என்று ஊருக்கு ஊர் கதை உண்டு. மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாடு 1989லேயே சட்டம் திருத்தியது. ஆனால் 2015–16 வேளாண் கணக்கெடுப்பில் மாநிலத்தின் சாகுபடி உடைமைகளில் பெண்கள் பெயரில் இருப்பது ஏறக்குறைய ஐந்தில் ஒன்று. மல்லாட்டைக் காட்டில் களை எடுப்பது, கொடியிலிருந்து காய் ஆய்வது, உடைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் செய்கிற வேலை. கணவர் இறந்து, மாமனார் பெயரிலிருந்து பட்டா மாறாமல், நிலத்தை மட்டும் விடாமல் உழுதுகொண்டிருக்கும் பெண்ணை அரசின் கணக்கு விவசாயி என்று சொல்லாது.

இப்படிப்பட்ட பேரேட்டின் மேல்தான் 2019இல் ஒரு பெரிய திட்டம் ஏற்றப்பட்டது. பிப்ரவரி மாத இடைக்கால நிதிநிலை அறிக்கையில் அறிவித்து, முந்தைய டிசம்பர் 1 முதலே கணக்கிட்டுக் கொடுத்த பிரதமரின் கிசான் சம்மான் நிதி அது. ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணை, நேரே வங்கிக் கணக்குக்கு. முதலில் 2 ஹெக்டேர் வரை உள்ளவர்களுக்கு என்றார்கள். தேர்தல் முடிந்ததும் மே 31 அன்று அந்த வரம்பை எடுத்துவிட்டு நிலமுள்ள எல்லாக் குடும்பங்களுக்கும் என்றார்கள். வருமான வரி கட்டுவோர், அரசு ஊழியர், மருத்துவர், வழக்கறிஞர், 10,000 ரூபாயும் அதற்கு மேலும் ஓய்வூதியம் பெறுவோர் விலக்கப்பட்டனர். குத்தகைக்கு உழுபவர் பற்றிப் பேச்சே இல்லை. பட்டா 2019 பிப்ரவரி 1 அன்று பெயரில் இருந்திருக்க வேண்டும். அதற்குப் பின் விலைக்கு வாங்கியவர் ஐந்தாண்டுக்குச் சேர முடியாது, வாரிசாக வந்தவர் சேரலாம் என்றார்கள். இத்திட்டத்துக்கு ஒரு நல்ல குணமும் உண்டு: அரை ஏக்கர்க்காரருக்கும் நாற்பது ஏக்கர்க்காரருக்கும் ஒரே தொகை. ஏக்கர் கணக்கில் பணம் கொடுக்கும் முறைகளைவிட இது நியாயமானது என்பதை மறைக்கக் கூடாது.

அடுத்த ஆண்டு, ஊரடங்கு நாட்களில், இந்த வட்டாரத்தில்தான் அது சரிந்தது. பயனாளிகள் தாங்களே இணையத்தில் பதிவு செய்துகொள்ளலாம் என்று வழி திறக்கப்பட்டிருந்தது. முன்பு கிராம நிர்வாக அலுவலர் நிலத்தைச் சரிபார்த்த கட்டம் தளர்ந்தது. ஒப்புதல் தர வேண்டிய வேளாண் அலுவலர்களின் கடவுச்சொற்கள் ஒப்பந்தப் பணியாளர்கள் கைக்கும், அவர்களிடமிருந்து தனியார் கணினி மையங்களுக்கும் போய்ச் சேர்ந்தன. ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் இருந்தால் போதும், பெயர் ஏறியது. 2020 ஆகஸ்டில் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் பக்கம் பட்டியல் திடீரென்று வீங்கியதைக் கண்டு விசாரித்தபோது விஷயம் வெளியே வந்தது. 13 மாவட்டங்களில் ஏறக்குறைய 5.5 லட்சம் தகுதியற்றவர்களுக்கு 110 கோடி ரூபாய் போயிருக்கிறது என்று அன்றைய வேளாண் துறைச் செயலாளர் ககன்தீப் சிங் பேடி அறிவித்தார். 5.95 லட்சம் கணக்குகளைச் சரிபார்த்ததில் 5.38 லட்சம் தகுதியற்றவை என்று ஒன்றிய அரசு நாடாளுமன்றத்தில் சொன்னது. ஒப்பந்தப் பணியாளர் 96 பேர் நீக்கப்பட்டனர், 34 அலுவலர்கள் மீது துறை நடவடிக்கை பாய்ந்தது, வழக்கு சி.பி.சி.ஐ.டி. வசம் போனது.

செய்திகளில் இதற்கு இடப்பட்ட பெயர் ‘போலி விவசாயிகள்’. அந்தப் பெயர் என் மனத்தை இன்றும் உறுத்துகிறது. கடவுச்சொல்லை விற்றவர்களும் ஒவ்வொரு பெயருக்கும் தரகு வாங்கியவர்களும் குற்றவாளிகள்; அதில் ஐயமில்லை. ஆனால் பட்டியலில் ஏறிய லட்சக்கணக்கானோர் யார்? கொரோனா நிவாரணம் வருகிறது, ஆதாரும் பாஸ்புக்கும் கொடுங்கள் என்று சொல்லி வாங்கிப் போனார்கள் என்று பலர் அன்றே சொன்னார்கள். வேலை நின்று, பேருந்து நின்று, கூலி நின்றிருந்த மாதங்கள் அவை. கணக்கில் 2,000 வந்தது, சிலருக்கு 4,000. பிறகு கணக்குகள் முடக்கப்பட்டன. அலுவலர்கள் வீடு தேடி வந்து பணத்தைத் திரும்பக் கேட்டார்கள். மோசடிப் பட்டியலில் வசதியானவர்களும் இருந்தார்கள், சம்பளக்காரர்களும் இருந்தார்கள். ஆயினும் நிலமே இல்லாத கூலிக் குடும்பங்களும் அதில் இருந்தன என்பதைத்தான் நாம் நின்று பார்க்க வேண்டும். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் சாகுபடியாளர் என்று தம்மைச் சொல்லிக்கொண்டோர் 42 லட்சத்துச் சொச்சம். விவசாயக் கூலிகள் 96 லட்சம். உழவுத் தொழிலில் இருப்பவர்களில் மூன்றில் இரண்டு பங்குக்கு மேலானவர்களை ‘உழவர்’ என்ற சொல்லுக்கு வெளியே நிறுத்திவிட்டு ஒரு திட்டம் வந்தால், அவர்கள் அதற்குள் நுழைந்தது சட்டப்படி தவறு. அவர்களை வெளியே நிறுத்தியது எந்த நியாயப்படி சரி?

இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. 110 கோடியை 5.5 லட்சத்தால் வகுத்தால் ஆளுக்கு 2,000 ரூபாய். அந்தப் பணத்தைத் திரும்ப வாங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், 2021 பிப்ரவரி 5 அன்று, கூட்டுறவு வங்கிகளில் 16.43 லட்சம் விவசாயிகள் வாங்கியிருந்த 12,110 கோடி ரூபாய் பயிர்க்கடன் தள்ளுபடி என்று சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. வகுத்துப் பார்த்தால் ஆளுக்குச் சுமார் 73,700 ரூபாய். புயலும் பருவம் தப்பிய மழையும் தொற்றும் சேர்ந்து விவசாயிகளை நசுக்கியிருந்த நேரம். தள்ளுபடி பலரைக் காப்பாற்றியது உண்மை. நான் சொல்ல வருவது அதன் அளவை அல்ல, வாசலை. கூட்டுறவு சங்கத்தில் கடன் வாங்கப் பட்டா, சிட்டா, பயிர் விவரம் எழுதும் அடங்கல் வேண்டும். ஏக்கருக்கும் பயிருக்கும் ஏற்பக் கடன் கூடும். எனவே கூடுதல் நிலம் உள்ளவருக்குக் கூடுதல் கடன், கூடுதல் கடன் உள்ளவருக்குக் கூடுதல் தள்ளுபடி. கந்துக்காரரிடமும் உரக்கடையிலும் கடன் வாங்கி உழும் குத்தகைக்காரருக்குத் தள்ளுபடி செய்ய எதுவும் இருக்காது.

இந்த வாசலைக் குறுக்க ஒருமுறை முயற்சி நடந்தது. 2006இல் கருணாநிதி அரசு ஏறக்குறைய 7,000 கோடி ரூபாய் கூட்டுறவுக் கடனை எல்லோருக்கும் தள்ளுபடி செய்தது. 2016இல் ஜெயலலிதா அரசு 5,780 கோடி ரூபாயைச் சிறு, குறு விவசாயிகளுக்கு, அதாவது 5 ஏக்கருக்குள் வைத்திருப்பவர்களுக்கு மட்டும், தள்ளுபடி செய்தது. இது பாகுபாடு என்று விவசாயிகள் சங்கம் ஒன்று வழக்குப் போட, எல்லோருக்கும் கொடு என்று 2017இல் சென்னை உயர் நீதிமன்றம் சொன்னது. அத்தீர்ப்பை 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. சிறு, குறு விவசாயிகளைத் தனியாகப் பிரித்து உதவுவது சமத்துவத்துக்கு எதிரானதல்ல, அவர்கள் மேல் விழும் அடி பெரியது என்பது அதன் சாரம். இந்தத் தீர்ப்பு நம் அரசியல் மேடைகளில் போதுமான அளவு பேசப்படவில்லை. யாருக்கு என்று பிரித்துக் கொடுக்க அரசுக்கு உரிமை உண்டு என்பதை அது நிலைநாட்டியது. அப்படியானால் குத்தகைக்காரரையும் கூலியையும் பிரித்துக் காண்பதற்கும் அந்த உரிமை உண்டு.

பணமாக வராத மானியம்தான் எல்லாவற்றிலும் பெரியது. 1970களில் உழவர் தலைவர் நாராயணசாமி நாயுடுவின் தலைமையில் நடந்த மின்கட்டணப் போராட்டங்களில் விவசாயிகள் துப்பாக்கிச் சூட்டுக்கு உயிர் கொடுத்தார்கள். அந்தத் தியாகத்தின் மேல்தான் இலவச மின்சாரம் நிற்கிறது. எம்.ஜி.ஆர். அரசு 1984இல் சிறு விவசாயிகளுக்குக் கொடுத்தது. 1989இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு எல்லோருக்கும் ஆக்கியது. 2003இல் அதை நிறுத்திப் பார்த்த ஜெயலலிதா அரசு, 2004 நாடாளுமன்றத் தேர்தல் தோல்விக்குப் பின் திரும்பக் கொடுத்தது. 2024–25 வேளாண் நிதிநிலை அறிக்கையில் 23.51 லட்சம் இணைப்புகளுக்கு 7,280 கோடி ரூபாய் ஒதுக்கப்பட்டது. ஒரு இணைப்புக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 31,000 ரூபாய். கிசான் நிதியின் 6,000 ரூபாயை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மாநிலத்தில் சாகுபடி உடைமைகள் 79 லட்சத்துக்கு மேல். அவற்றில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டவை சிறு, குறு உடைமைகள். சராசரி அளவு முக்கால் ஹெக்டேர். மூன்றில் இரண்டு பங்கு உடைமைகளுக்கு இலவச மின்சாரம் என்ற ஒன்றே இல்லை.

இணைப்பு கிடைக்கும் வழியும் ஒரே மாதிரி இல்லை. சாதாரண வரிசையில் பதிந்தவர்கள் பத்தாண்டு, பதினைந்தாண்டு காத்துக் கிடந்தார்கள். காத்திருக்க முடியாதவருக்குத் தட்கல் வந்தது: 5 குதிரைத்திறன் மோட்டாருக்கு 2.5 லட்சம், 15 குதிரைத்திறனுக்கு 4 லட்சம் கட்டினால் உடனே இணைப்பு. இலவசத்தை வாங்குவதற்கே இரண்டரை லட்சம் கையில் வேண்டும் என்ற நிலை. 2021க்குப் பிறகு ஒன்றரை லட்சம் புதிய இலவச இணைப்புகளைக் கொடுத்தது நல்ல காரியம். வரிசை அதனால் ஓரளவு குறைந்தது. ஆனாலும் செஞ்சி மாதிரி கிணற்றை நம்பிய பூமியில், ஆழ்துளைக் கிணறு போடப் பணம் உள்ளவருக்குத்தான் மின்சாரத்தால் பயன். நீர்மட்டம் இறங்க இறங்க, ஆழம் போட முடியாதவரின் பழைய கிணறு வற்றுகிறது. அவர் பக்கத்துக் கிணற்றில் தண்ணீர் வாங்குகிறார், காசாகவோ விளைச்சலில் பங்காகவோ கொடுத்து. தமிழ்நாட்டின் நிலத்தடி நீர்க் குறுவட்டங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒன்று அளவுக்கு மீறி இறைக்கப்பட்டவை என்று மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் மதிப்பீடுகள் சொல்கின்றன. பொதுப்பணத்தில் வரும் மின்சாரம், பொதுவான நீரை, தனியொருவர் விற்கும் சரக்காக மாற்றிவிடுகிறது. மின் இணைப்புள்ள நிலத்துக்குக் குத்தகையும் கூடுதல், விலையும் கூடுதல். மானியத்தின் மதிப்பு நிலத்தின் விலையில் ஏறிவிடுகிறது; குத்தகைக்காரர் அதை வாடகையாக நிலக்காரருக்கே கட்டுகிறார்.

ஐரோப்பிய ஒன்றியத்திலும் இதே நோய் உண்டு. அங்கே நேரடி மானியம் ஹெக்டேர் கணக்கில் போவதால், ஏறக்குறைய 80 விழுக்காடு பணம் 20 விழுக்காடு பண்ணைகளுக்குப் போகிறது என்பதை அவர்களின் ஆணையமே ஒப்புக்கொள்கிறது. நம்மிடம் பண்ணைகள் பெரியவை அல்ல என்பதால் அந்த அளவு ஏற்றத்தாழ்வு இல்லை. நம் ஏற்றத்தாழ்வு நிலம் பட்டாவில் உள்ளவருக்கும் இல்லாதவருக்கும் நடுவில் இருக்கிறது.

விழுப்புரம் மாவட்டத்திலேயே இதற்கு நூறாண்டு சாட்சி உண்டு. திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கம் இருவேல்பட்டு. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர் 1916இல் தம் மாணவர்களை விட்டு ஆராய வைத்த ஊர்களில் ஒன்று. 1930களிலும், 1961லும், 1980களின் தொடக்கத்திலும், 2008லும் ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப அங்கே போனார்கள். ஒரே பெருநிலக்கிழார் குடும்பத்தின் பிடியில் இருந்த ஊர் மெல்ல அந்தப் பிடியிலிருந்து நழுவியதை ஜான் ஹாரிஸ், ஜெ.ஜெயரஞ்சன், கே.நாகராஜ் மூவரும் 2010இல் எழுதினார்கள். கூலிகளின் நிலையைத் தூக்கிவிட்டதில் வெளியூர் வேலைக்கும், ரேஷன் போன்ற எல்லோருக்குமான அரசுத் திட்டங்களுக்கும் பெரிய பங்கு இருந்தது. நிலமில்லாத குடும்பம் பட்டாவைக் காட்டாமல் பெற முடிந்தவை அவை.

2024 டிசம்பரில் இருவேல்பட்டு மறுபடி செய்தியில் வந்தது. நவம்பர் 30 இரவு கரை கடந்த ஃபெஞ்சல் புயலில் மயிலத்தில் ஒரே நாளில் 51 செ.மீ. மழை கொட்டியது, சாத்தனூர் அணை திறந்ததில் தென்பெண்ணை ஊர்களுக்குள் புகுந்தது. உதவி வந்து சேரவில்லை என்று சாலை மறியலில் இருந்த இருவேல்பட்டு மக்களைப் பார்க்க வந்த அமைச்சர் மீது சேறு வீசப்பட்டது. அரசு இரண்டு விதமாக உதவி அறிவித்தது. விழுப்புரம், கடலூர், கள்ளக்குறிச்சி மாவட்டங்களில் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய். பயிர்ச் சேதத்துக்கு நெல் போன்ற பாசனப் பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000, மானாவாரிக்கு 8,500, பல்லாண்டுப் பயிருக்கு 22,500. முதலாவது குடும்பத்தைத் தேடிப் போனது. இரண்டாவது மறுபடி சிட்டா, அடங்கலைத் தேடிப் போனது. விதை, உரம், நடவு, டீசல் எல்லாம் குத்தகைக்காரர் போட்ட முதல். வெள்ளம் கொண்டுபோனதும் அதைத்தான். அடங்கலில் அவர் பெயர் இருந்தால் நிவாரணம் அவருக்கு வரும். இல்லையென்றால் நிலக்காரரின் மனசைப் பொறுத்தது. சென்னையிலோ பெங்களூரிலோ இருக்கும் நிலக்காரர் கணக்கில் விழும் பணத்தில் பாதியாவது கொடுத்தால் நல்லவர் என்று ஊர் சொல்லும்.

அடங்கலில் குத்தகைக்காரர் பெயரை ஏற்றச் சட்டம் இல்லாமல் இல்லை. 1955இல் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், 1956இல் நியாய வாரச் சட்டம், 1969இல் குத்தகை உரிமைப் பதிவேட்டுச் சட்டம் என்று தமிழ்நாடு வரிசையாகச் செய்தது. அன்றைய காவிரிப் படுகையில் அவற்றால் பலன் இருந்தது. ஆனால் பெயர் பதிந்தால் குத்தகைக்காரரை எளிதில் எழுப்ப முடியாது என்பதால், இன்று வாய்ச்சொல்லில்தான் நிலம் கைமாறுகிறது. பதியக் கேட்டால் அடுத்த ஆண்டு நிலம் கிடைக்காது. பாதுகாக்க வந்த சட்டமே அவரைப் பதிவேட்டிலிருந்து வெளியே வைத்துவிட்டது. கோயில் நிலத்தை உழுபவரின் கதை இன்னொரு விதம். அறநிலையத் துறையின் கீழுள்ள கோயில்களுக்கு 4.78 லட்சம் ஏக்கர் நிலம் உண்டு. அங்கே குத்தகை ரசீது இருக்கிறது. பட்டா சாமி பெயரில் இருக்கிறது. நிறுவன நிலம் என்று கிசான் நிதி அதை விலக்கிவிட்டது.

வேறு மாநிலங்கள் முயன்றிருக்கின்றன. தெலங்கானா 2018இல் தொடங்கிய ரைத்து பந்து ஏக்கர் கணக்கில், உச்சவரம்பில்லாமல், நிலக்காரருக்கு மட்டும் பணம் கொடுத்தது. செல்வர்களுக்கும் போனது, குத்தகைக்காரருக்குப் போகவில்லை. அதே சமயம் ஒடிசா கொண்டுவந்த காலியா திட்டம் வாரத்துக்கு உழுபவரையும் சேர்த்தது. நிலமில்லாக் குடும்பங்களுக்கு ஆடு, கோழி, காளான், மீன் வளர்க்க 12,500 ரூபாய் கொடுத்தது. ஆந்திரம் 2019இல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் செய்தது. பதினொரு மாத அட்டை ஒன்றை உழுபவருக்குக் கொடுத்து, நிலத்தின் மேல் எந்த உரிமையும் இதனால் பிறக்காது என்று நிலக்காரருக்கும் உறுதி சொன்னது. நிலக்காரரின் கையெழுத்து வேண்டும் என்ற நிபந்தனையால் அட்டை பெற்றவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவு. இருந்தாலும் பயிரின் மேல் உரிமை வேறு, நிலத்தின் மேல் உரிமை வேறு என்று பிரித்த அந்தச் சிந்தனைதான் நமக்குத் தேவையானது.

தமிழ்நாட்டிலும் நல்ல திசையில் சில அடிகள் வைத்திருக்கிறார்கள். சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர்ப் பாசனம் முழு மானியத்தில் கிடைக்கிறது. பட்டியல் சாதி, பழங்குடியைச் சேர்ந்த சிறு, குறு விவசாயிகளுக்கு இயந்திரம் வாங்கக் கூடுதலாக 20 விழுக்காடு மானியம் 2022 முதல் தரப்படுகிறது. இரண்டும் சரியானவை. இரண்டுக்கும் பட்டா வேண்டும். ஒரு பொருளின் விலையில் குறைத்துக் கொடுக்கும் மானியம் மட்டும் இந்தக் கேள்வியைக் கேட்பதில்லை: 45 கிலோ யூரியா மூட்டை 266 ரூபாய் 50 காசுக்கு ஆதார் காட்டும் யாருக்கும் கிடைக்கிறது, குத்தகைக்காரருக்கும். உர மானியத்தின் மேல் சுற்றுச்சூழல் சார்ந்தும் நிதி சார்ந்தும் எத்தனையோ நியாயமான குறைகள் உண்டு. 2022–23இல் ஒன்றிய அரசு அதற்குச் செலவிட்டது 2.5 லட்சம் கோடி. ஆனால் அதை நிறுத்திப் பணமாகக் கொடுத்துவிடலாம் என்று யோசனை சொல்பவர்கள், அந்தப் பணம் யார் கணக்குக்குப் போகும் என்பதை முதலில் சொல்ல வேண்டும். இன்றிருக்கும் பேரேட்டை வைத்துக் கொடுத்தால், உழுபவரின் கையில் இருக்கும் கடைசி மானியமும் பட்டாதாரரின் கணக்குக்கு மாறிவிடும்.

கிசான் நிதிக்குத் திரும்பி வருகிறேன். 2021 ஜூலையில் நாடாளுமன்றத்தில் சொன்ன கணக்குப்படி, நாடு முழுவதும் கிசான் நிதி பெற்ற தகுதியற்றவர்கள் 42.16 லட்சம் பேர். தொகை 2,992 கோடி. தமிழ்நாட்டில் மட்டும் 7.22 லட்சம் பேர். அதற்குப் பிறகு ஆதார் சரிபார்ப்பு, நில ஆவண இணைப்பு என்று சல்லடை மேல் சல்லடை போட்டார்கள். தகுதியற்றவர் வராமல் தடுக்க எத்தனை சல்லடை! தகுதியிருந்தும் வராதவரைத் தேடுவதில் அந்த அளவு முனைப்பு இல்லை. திட்டத்தின் இணையதளத்தில் ஊர்வாரியாகப் பயனாளிகள் பட்டியல் இருக்கிறது. அதை எடுத்து ஆண்டுக்கு ஆறு முறை கூடும் கிராம சபையில் வாசித்தாலே, யார் உழுகிறார், யார் உழவில்லை என்று தளவானூர்க்காரர்களுக்கு எந்தக் கணினியும் சொல்லித்தர வேண்டியதில்லை. நூறு நாள் வேலைக்குச் சமூகத் தணிக்கையைச் சட்டமே கட்டாயமாக்கியது. வேளாண் மானியத்துக்கு அப்படி ஒரு சட்டம் இல்லை. கூலிக்குப் போகும் பணத்தை ஊர் முன்னால் தணிக்கை செய்கிற நாம், நிலக்காரருக்குப் போகும் பணத்தை அலுவலகத்துக்குள்ளேயே முடித்துக்கொள்கிறோம்.

2024 நவம்பரில் வேளாண் கல்லூரி மாணவர்கள் கைபேசியோடு வயல்களில் இறங்கி மின்னணுப் பயிர்க் கணக்கெடுப்பு செய்தார்கள். ஒவ்வொரு உட்பிரிவிலும் நின்று, பயிரைப் படமெடுத்து, சர்வே எண்ணோடு இணைக்கும் வேலை அது. 2025 தொடக்கத்தில் விவசாயிகளுக்குத் தனித்துவ அடையாள எண் கொடுக்கும் முகாம்கள் ஊர் ஊராக நடந்தன. இனி எல்லா மானியமும் அந்த எண்ணின் வழியாகத்தான் என்று அறிவித்தார்கள். முகாமில் கேட்டவை ஆதார், கைபேசி எண், பட்டா. வயலில் நின்ற மாணவருக்கு முன்னால் அந்தப் பருவத்தில் உழுபவர் நின்றிருப்பார். அவர் பெயரை அந்தப் பருவத்துக்கு மட்டும், நிலத்தில் எந்த உரிமையும் கோராத சாகுபடிப் பதிவாக, நிலக்காரரின் கையெழுத்து கேட்காமல், அக்கம்பக்கத்தார் சாட்சியோடு ஏற்றிக்கொள்ள அரசு ஓர் ஆணை போட்டால் போதும். அடுத்த புயலின் நிவாரணமும் அடுத்த தள்ளுபடியும் அந்தப் பெயருக்குப் போகும்படி விதியைத் திருத்துவது அதற்கு அடுத்த வேலை. அடையாள எண் முழுவதும் பட்டாவின் பேரிலேயே கொடுத்து முடிவதற்குள் இதைச் செய்தாக வேண்டும்.